இசக்கித்தாய் பங்கு வாய்க்கரிசி

இசக்கித்தாய்க்கு இடது கண் தெரியாது. பதினோரு வயதில் பெரியம்மை வந்து, கண்ணோடு சேர்த்து முகத்தையும் கொண்டுபோய்விட்டது. அந்த ஆண்டு அவள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. இரண்டு பேர் போய்விட்டார்கள், இவள் மட்டும் பிழைத்தாள். ராயகிரிக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டுப் பட்டிதான் அவள் ஊர். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், கொடுத்த காப்பியைக் குடித்தார்கள், போய்விட்டார்கள். மூன்றாவது கூட்டம் வந்துபோன அன்று, இனிமேல் எவனுக்கும் காப்பி போட மாட்டேன் என்று தாயிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டுச் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் எடுத்துப் போடுகிற வேலை கிடைத்தது. 1978இல் அவளுக்கு இருபத்தொன்பது வயது இருக்கும். எனக்கு இருபத்தாறு. அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான், பெயர் ஞானப்பூ.

அந்த ஆண்டு மே மாதம் நடந்த கோடை முகாமைப் பற்றி எங்கள் சபைப் பத்திரிகையில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். 'நன்றியோடு நினைக்கிறேன்' என்ற தலைப்பைக்கூட அவர்களே கொடுத்துவிடுவார்கள். இரண்டு தடவையும் பொய் எழுதவில்லை. இசக்கித்தாயை விட்டுவிட்டு எழுதினேன், அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் உயிர் அந்த முகாமில் போகவிருந்தது. அது போகாமல் நின்றதற்கு அவள் கொடுத்ததை நான் மட்டும்தான் அறிவேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது. என் தைரியத்தின் லட்சணம் அது.

முகாம் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே, பத்து நாள். சுற்றுவட்டாரச் சபைகளிலிருந்து எண்பத்தாறு பெண்பிள்ளைகள் வந்திருந்தார்கள். பாட்டு, மனப்பாட வசனம், நாடகம், பூத்தையல், நடுவில் தூங்கிவழிய ஒரு பிரசங்கம். சாப்பாட்டுக்குப் பிடியரிசி. சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்துச் சபைக் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள். பத்து வீட்டு அரிசி ஒரே பானையில் வேகும்போது பாதி குழைந்தும் பாதி விறைத்தும் கிடக்கும். பிள்ளைகள் அதையும் வழித்துச் சாப்பிட்டார்கள். பாதிப் பேர் வசனத்துக்காக வரவில்லை, சோற்றுக்காகத்தான் வந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதில் தப்பொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அப்படி வந்தவள்தான் கோமதித்தாய். பதினோரு வயது. கிறிஸ்தவப் பிள்ளை இல்லை. அம்மன் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. தகப்பன் இல்லை. தாய் பேச்சி, மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளையைச் சித்தி வீட்டில் விட்டிருந்தாள். சித்தி பத்து நாளைக்காவது தொல்லை விட்டது என்று முகாமில் கொண்டுவந்து தள்ளினாள். வந்த பிள்ளை மற்ற எண்பத்தைந்து பேரையும்விட உரக்கப் பாடியது. அர்த்தம் ஒன்றும் தெரியாது. தொண்டை மட்டும் அப்படி ஒரு தொண்டை. முகாம் தலைவர் தாவீது வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, இந்தப் பிள்ளை நம்ம சபைக்கே வந்துவிட்டால் கொயர் பிழைத்துவிடும் என்று ஆசைப்பட்டார்.

ஐந்தாம் நாள் காலை அந்தப் பிள்ளை பாடவில்லை. சுவரோரம் சுருண்டு கிடந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சிலும் முதுகிலும் நீர் கோத்த முத்துக்கள்.

பெரியம்மையை ஒழித்தாகிவிட்டது என்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்திருந்த காலம். எழுதினால் நம்பிவிடுவோமா? யாரோ 'பெரியம்மை' என்று வாயைத் திறந்தார்கள். சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். தாவீது வாத்தியார் சங்கீதம் சொல்ல ஆரம்பித்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இசக்கித்தாய்தான் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். பிறகு உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். நல்ல கண்ணை அருகில் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தாள்.

"உள்ளங்கையில ஒண்ணுமில்ல, உள்ளங்கால்லயும் இல்ல. இது சின்னம்மதான். எனக்குப் போட்டது கையெல்லாம் போட்டுச்சு" என்றாள்.

மத்தியானம் வந்த டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் செய்தி அதற்குள் ஊருக்கு ஊர் போய்விட்டது. அன்று சாயங்காலமும் மறுநாளும் பெற்றோர்கள் வந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். சிலர் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் இன்னும் ஆறு பேருக்கும் முத்துப் போட்டுவிட்டது. அந்த ஏழு பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்ற எந்தக் கண்டக்டரும் சம்மதிக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அம்மை இறங்கித் தண்ணி ஊற்றும் வரை இங்கேயே கிடக்கட்டும் என்று நாலு வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். கோமதித்தாயின் சித்தி எட்டியே பார்க்கவில்லை. பேச்சிக்கு எழுதிப் போட்ட கடிதம் எந்த எஸ்டேட்டுக்குப் போனதோ தெரியாது.

சனிக்கிழமை பொழுது சாயும்போது அந்தப் பெரிய வளாகத்தில் ஏழு பிள்ளைகளும் நானும்தான். தாவீது வாத்தியாருக்கு வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். அதனால் தினமும் சைக்கிளில் வந்து கேட்டுக்கு வெளியே ரொட்டியும் மருந்தும் இளநீரும் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது, தினமும் வந்தார். எனக்குச் சின்னப் பிள்ளையிலேயே அம்மை வந்து போய்விட்டது, கல்யாணமும் ஆகவில்லை, ஆகவே நான் இருக்கலாம் என்று கமிட்டியார் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கல்யாணமாகாதவள் சபையில் எதற்கும் உதவுவாள்.

ஏழு பிள்ளைகள் ஒன்று மாற்றி ஒன்று அழுதன. ஒன்றுக்குத் தண்ணீர் கொடுப்பதற்குள் இன்னொன்று சொறிந்து ரத்தமாக்கிக்கொண்டது. அந்த நேரத்தில் இசக்கித்தாய் ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வந்தவள் பாயை மூலையில் போட்டாள், வேப்பங்குழை ஒரு கட்டைத் தரையில் போட்டாள், அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வந்த அன்றே எனக்கும் அவளுக்கும் சண்டை, அந்த வேப்பங்குழையை வைத்து. என் தகப்பனார் உபதேசியார். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் அது மாரியம்மனுக்குச் செய்கிற மரியாதை, விசுவாசி அதைத் தொடக் கூடாது என்று சொல்லியே வளர்த்தார். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற வேம்பைக்கூட ஒரு சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அந்த வளர்ப்பு லேசில் போகுமா? குழையை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன். இசக்கித்தாய் வெளியே போனாள். புதிதாக ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு வந்தாள். அதையும் எறிந்தேன். மூன்றாவது கட்டோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"பிள்ளையெல்லாம் நகத்த வச்சுப் பிறாண்டுதுய. ஒங்க பாட்டப் பாடுனா அரிப்பு நின்னுருமா டீச்சர்? நின்னுருமின்னா பாடுங்க, நான் போறேன்."

குழையின் நுனியால் அவள் வருடிக் கொடுக்கக் கொடுக்க, பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. நான் அதை மருந்து இலை என்று சொல்லிக்கொள்வேன். அவள் வருடும்போது வாய்க்குள் என்ன முணுமுணுக்கிறாள் என்று கேட்க மாட்டேன். சமையலில் தாளிக்கக் கூடாது என்றாள், சரி என்றேன். கேப்பைக் கூழும் மோரும் நுங்கும்தான் ஆகாரம். ஏழு பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் வேண்டிய தண்ணீரை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கிணற்றிலிருந்து அவள்தான் சுமந்தாள். பள்ளிக்கிணறு சித்திரையிலேயே வற்றிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வருவதில்லை.

போதகர் வந்து கேட்டுக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டுப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் விடியும் முன்னே தலைக்குக் குளித்தாக வேண்டும். காய்ச்சலில் கிடந்தபோதுகூட என் அம்மா துணியை நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காரவைப்பாள். குளிக்காத தலையோடு கர்த்தருடைய நாளை ஆசரிப்பதா? இரண்டு நாளாகப் பிள்ளைகள் நாறிக் கிடந்தார்கள். இசக்கித்தாய் தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மூத்த பிள்ளைகள் நாலு பேரை எழுப்பி, அவள் அதற்கு முன் கொண்டுவந்து வைத்திருந்த பச்சைத் தண்ணீரையே எடுத்துத் தலையோடு ஊற்றினேன். சோப்புப் போட்டேன். கோமதித்தாய்க்கு முத்துக்கள் அப்போதுதான் முற்றிக்கொண்டிருந்தன. குளிருது டீச்சர் என்று அது சொன்னது. இயேசப்பாவுக்காக என்று நான் சொன்னேன்.

இசக்கித்தாய் குடத்தோடு திரும்பி வந்தபோது நாலு பிள்ளைகளும் தலையை விரித்துப்போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். குடத்தை இறக்கினாள். ஈரத் தலைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். சேலை முந்தானையை அவிழ்த்து ஒவ்வொரு தலையாகத் துவட்ட ஆரம்பித்தாள்.

மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோமதித்தாய்க்குத் திங்கட்கிழமை காய்ச்சல் கொதித்தது. செவ்வாய்க்கிழமை மூச்சு வேகவேகமாக இழுத்தது. டாக்டர் வந்து குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் சளி கட்டிவிட்டது, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்றார். எதில் கொண்டுபோவது? ஊரிலிருந்த மூன்று வாடகைக் காருக்கும் தாவீது வாத்தியார் ஓடினார். பிள்ளையின் உடம்பில் என்ன இருக்கிறது என்று கேட்டதும் மூன்று பேரும் கதவைச் சாத்தினார்கள். டாக்டர் ஊசி போட்டார். காலையும் மாலையும் வந்து போடுவதாகச் சொன்னார், சொன்னபடி வந்தார். இரண்டு மூன்று நாள் தாண்டினால் பார்க்கலாம் என்றார். குளிப்பாட்டியதால் இது வரவில்லை, வருகிற பிள்ளைக்கு வரத்தான் செய்யும் என்று பிற்பாடு என்னிடம் படித்துப்படித்துச் சொன்னார். நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

பிள்ளையால் படுக்க முடியவில்லை. படுக்கவைத்தால் மூச்சு முட்டி முகம் கறுத்துப்போகும். இசக்கித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அதைத் தன் நெஞ்சில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். நான் வாங்கிப் பார்த்தேன். என் பிடியில் அது துவண்டு சரிந்தது. அவளிடம் போனதும் மூச்சு கொஞ்சம் ஒழுங்குக்கு வரும். செவ்வாய் முழுவதும் அப்படியே இருந்தாள். நான் கூழைக் கரைத்துக் கொண்டுபோய் அவள் வாயிலும் பிள்ளை வாயிலும் ஊட்டினேன். நான் கொன்றுவிட்டேன், நான் கொன்றுவிட்டேன் என்று உள்ளே ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை, அந்தச் சத்தம்தான் வந்தது.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும், கேட் மணி அடித்தது. தாவீது வாத்தியார் என்று நினைத்து ரொட்டி எடுக்கப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் வெயிலில் நின்றிருந்தார். இசக்கித்தாயின் அண்ணன் செல்லச்சாமி. அவர் கேட்டுக்குள் காலை வைக்கவில்லை. நானும் எதற்கு என்று கேட்கவில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது. அவளைக் கூப்பிட்டேன். பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வராந்தா வரை வந்தாள். அங்கிருந்து கேட் முப்பது அடி தூரம். அவர்கள் அந்தத் தூரத்தில் நின்றே பேசினார்கள்.

அவர்கள் அம்மா முருகம்மாள் விடியற்காலம் இறந்துவிட்டாள். இரண்டு நாளாக வயிற்றுவலி என்று கிடந்தாளாம். பெரிதாக ஒன்றுமில்லை என்று இவர்களும் விட்டுவிட்டார்களாம்.

எங்கள் பக்கத்தில் அம்மை வீடும் இழவு வீடும் ஒட்டவே ஒட்டாது. அம்மை போட்ட இடத்திலிருந்து ஒருத்தி இழவு வீட்டுக்குப் போனால், அந்தத் தீட்டோடு திரும்பி வந்து அந்தப் பிள்ளையைத் தொட முடியாது. தொட்டால் அம்மனுக்கு ஆகாது, பிள்ளை தங்காது என்பார்கள். நான் அதை நம்புகிறவள் இல்லை. ஆனால் இசக்கித்தாய் நம்பினாள். செல்லச்சாமியும் நம்பினார். போனால் போனதுதான் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்லுட்டி. பொழுது சாயுமுன்ன எடுக்கணும். நீ வாரியா, இல்லியா?" என்றார் செல்லச்சாமி.

"நீ போ இசக்கி. நான் பிள்ளையைப் பாத்துக்கிடுதேன். போயி அம்மா முகத்தைப் பாரு" என்று நான் சொன்னேன்.

வாயால் அதைச் சொன்னேன். அதே மூச்சில் உள்ளுக்குள் ஜெபித்தேன். மூன்று நாளாக வராத ஜெபம் அப்போது வந்தது, கணீரென்று வந்தது. கர்த்தாவே, இவள் போகக் கூடாது. இவளைப் போகவிடாதேயும். இவள் போனால் இந்தப் பிள்ளை செத்துவிடும், நான் கொன்றவள் ஆகிவிடுவேன். இவளை நிறுத்தும்.

இசக்கித்தாய் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் மூச்சு அவள் கழுத்தில் கிரீச் கிரீச்சென்று போய்வந்தது. தென்காசிப் பக்கம் போகிற ரயில் வந்து, போயும் போய்விட்டது.

"நீ போ அண்ணே" என்றாள். "எனக்காவ வச்சிருக்க வேண்டாம், எடுத்துருங்க. எம் பங்கு வாய்க்கரிசிய மதினியப் போடச் சொல்லு."

"பெத்தவளவிட எவளோ பெத்தது ஒசத்தியாப் போச்சா ஒனக்கு?" என்று அவர் கேட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஆளுக்கு என் உள்ளே ஓடியது தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தலையைக் குனிந்தேனே தவிர, எனக்குள் வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. உடம்பெல்லாம் லேசாகிப்போகிற நிம்மதி. அடுத்தவள் தாய் செத்துக்கிடக்கிற வேளையில் எனக்கு வந்த நிம்மதி அது. என்னைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதைவிடக் கேவலமானது வேறில்லை.

அவள் திரும்பப் போய்ப் பழைய இடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பிள்ளையை நெஞ்சில் சரியாக வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். அழுதுவிடு இசக்கி, மனதுக்குள் வைக்காதே என்றேன். டீச்சர் பாஷையில் ஆறுதல் சொன்னேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "அம்ம போட்ட எடத்துல அழக் கூடாது டீச்சர். பிள்ளைக்கு ஆகாது" என்றாள். சாயங்காலம் நாலு மணி போல எடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவள் வேப்பங்குழையால் பிள்ளையின் முதுகை வருடிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கோமதித்தாய்க்கு வேர்த்துக் கொட்டியது. மூச்சு இறங்கியது. கண்ணைத் திறந்து, நுங்கு இருக்கா என்று கேட்டது. டாக்டர் குழாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளை தப்பித்தது என்றார். நான் கேட் வரை ஓடிப்போய்த் தாவீது வாத்தியாரிடம் சொன்னேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடியே அழுதார். நானும் வேண்டியமட்டும் அழுதேன். கேட்டுக்கு வெளியே நின்றுதான். இசக்கித்தாய் உள்ளே நுங்கைக் கோதிக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒன்பது நாள் இருந்தாள். மற்ற ஆறு பிள்ளைகளுக்கும் பொருக்கு உதிர்ந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரை ஒன்று விட்டு ஒரு நாள் மூன்று தடவை ஏழு பேருக்கும் ஊற்றினாள். எப்போது, எவ்வளவு என்று அவளே முடிவு செய்தாள். நான் பக்கத்தில் நின்று துண்டு நீட்டினேன். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, வீட்டார்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிக்கொண்டு போன சந்தடியில், அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். பேச்சி மறுநாள்தான் எஸ்டேட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு என் காலில் விழுந்தாள். எழுந்திரு, இது கர்த்தர் செய்தது என்று நான் சொன்னேன். பேச்சி கர்த்தருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது தண்ணீர் எடுக்க வேறொருத்தி வந்தாள். இசக்கித்தாய் ஊரிலேயே தங்கிவிட்டாள் என்றார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தவளை அண்ணன் வீட்டுக்குள் விடவில்லை என்றும், ஊர்க்கோடியில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள் என்றும் கேள்விப்பட்டேன். விடுமுறைக்கு விடுமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். போகவில்லை.

ஆனால் கோவிலில் சாட்சி சொல்லப் போனேன். முகாமுக்காக ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். முன்னே நின்று எல்லாருக்கும் நன்றி சொன்னேன். தேவனுக்கு, டாக்டருக்கு, கமிட்டியாருக்கு, பிடியரிசி கொடுத்த தாய்மார்களுக்கு, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வந்த தாவீது ஐயாவுக்கு. அந்த மே மாதத்தில் ஒரு பொட்டு மழை கிடையாது. இசக்கித்தாய் பெயரைச் சொன்னால் வேப்பிலையைச் சொல்ல வேண்டும். வேப்பிலையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக் குளியலைச் சொல்ல வேண்டும். அதனால் என் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார் என்று சொல்லி முடித்தேன். அல்லேலூயா என்றார்கள். எந்த ஜெபம் என்று யாரும் கேட்கவில்லை. பத்திரிகையில் எழுதிய இரண்டு தடவையும் அதே கதைதான்.

கோமதித்தாயை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை இருக்கிறது. பஸ்ஸில் என்னைப் பார்த்தால் யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நல்லதுதான், எனக்கு அவளிடம் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை.

இந்த வருஷம், எண்பத்தேழு பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை புறப்பட்டு ராயகிரிக்குப் போனேன். கையில் ஒரு சேலை எடுத்துக்கொண்டேன். ஏன் அன்று போனேன் என்று கேட்டால் காரணம் கிடையாது. வெட்கத்துக்கும் ஒரு நாள் அலுத்துப்போகும் போல. பட்டியில் விசாரித்தபோது காட்டில் பருத்தி எடுக்கிறாள் என்றார்கள். வரப்பில் நடந்து போனேன். மடியில் பருத்தியோடு நிமிர்ந்து பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது. டீச்சரா, வாங்க, வெயில்ல வந்துருக்கியளே என்றாள். ஒன்பது வருஷம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலையை நீட்டினேன், வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள், வெயிலுக்கு.

நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. அன்றைக்கு உன்னைப் போ என்று சொல்லிக்கொண்டே, நீ போகக் கூடாது என்று உள்ளே வேண்டிக்கொண்டேன் இசக்கி, உன்னை உன் தாய் முகம் பார்க்க விடாமல் வைத்தது என் வேண்டுதல்தான் என்று சொன்னேன். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு செடியில் பருத்தியை எடுத்து முடித்து, அடுத்த செடிக்குப் போனாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"அன்னிக்கு அடக்கி வச்சிருந்தேன்லா டீச்சர்" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "பிள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டு, ஊருக்குப் போயி அழுதுக்கிடலாம்னு வச்சிருந்தேன். போயி எங்கம்ம படுத்திருந்த எடத்துல உக்காந்தேன். வரல. இன்ன வரைக்கும் வரல."

பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டு, அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். அவள் கேலி செய்கிறாளோ என்று நினைத்தேன். கேலி இல்லை.

"ஒங்க வேண்டுதல் பலிக்குதே. அப்பம் எனக்கும் ஒண்ணு வேண்டிக்கிடுங்க. எனக்கு அழுக வரணும்னு வேண்டிக்கிடுங்க."

சரி என்று சொன்னேன். எட்டு மாதமாகத் தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ராயகிரி பஸ்ஸில் வந்த ஒருத்தியிடம் இசக்கித்தாய் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன். அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது, கல்லு என்றாள்.